குழாய்த் துளை இல்லாத வாஷ்பேசின்கள்

பாகலூர்,
11.5.2025, ஞாயிறு

என் தங்க மகள் ஜோஸ்வினுக்கு,

அப்பா ஐசக் எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். அம்மா கோயிலில் மரியாயின் சேனைக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். உன் போன் மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. அதுவரை இதை மனசுக்குள் வைத்திருக்க என்னால் ஆகாது.

குண்டூரில் வெயில் கொளுத்துகிறதாமே. கன்னியர் மடத்தில் ஃபேன் இருக்கிறதா? தெலுங்கு உனக்குக் கஷ்டம் இருக்காது, நம் தெருவே பாதி தெலுங்கு. காரம்தான் அதிகம். மோர் ஊற்றிச் சாப்பிடு கண்ணு.

கம்பெனியில் நீ சரக்கில் குறை பார்த்த மேசைக்குக் காவியா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்ல பிள்ளைதான். ஆனால் நீ, பெற்ற அப்பன் வார்த்த பேசின் என்றுகூடப் பார்க்காமல், விரிசல் கண்ட இடத்தில் நீல மையால் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவாயே, ராட்சசி! எத்தனை நாள் உன் மேல் கடுப்பாகியிருக்கிறேன். இவளோ, நான் சீனியர் என்று பயந்துகொண்டு என் சரக்கைப் பார்க்காமலே விட்டுவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கூத்து நடந்தது.

சொன்னால் சிரிப்பாய். ஒரே நாளில் நான் வார்த்த முப்பத்திரண்டு வாஷ்பேசினிலும் குழாய் மாட்டுகிற துளையைப் போட மறந்துவிட்டேன். மோல்டிலிருந்து எடுத்து, மண் ஈரமாக இருக்கும்போதே வெட்ட வேண்டிய துளை. இருபத்திரண்டு வருஷமாகக் கை தானாகச் செய்கிற வேலை. காவியாவும் பார்க்கவில்லை, மேலே கிளேஸ் பூச்சு அடித்தவர்களும் பார்க்கவில்லை. சூளையிலிருந்து வெள்ளைவெளேர் என்று வெளியே வந்து நிற்கிறது, துளையைக் காணோம். தண்ணீர் வானத்திலிருந்து வருமா அண்ணா என்று பூபதி கேட்டான். தமிழ் தெரியாத ஒடிசா ஆட்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ட்ரில் போட்டுப் பார்த்ததில் மூன்று பிளந்துபோனது. மீதியை உடைத்துவிடச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர் வெங்கட். யார் வார்த்தாரோ அவரேதான் உடைக்க வேண்டும், அது உனக்குத் தெரிந்ததுதானே.

ஏன் மறந்தேன் என்றால், அன்று என் சட்டைப் பையில், நானும் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டிய உன் மடத்துச் சம்மதக் கடிதம் இருந்தது.

நம் பங்கு ஃபாதருக்கு உடம்பு சரியில்லை, கடிதம் அவரிடம் கிடக்கிறது, அதனால்தான் தாமதம் என்று உன்னிடம் சொன்னேனே, அது சுத்தப் பொய். பிப்ரவரியில் கடிதம் வந்த அன்றைக்கே அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். நான்தான் போடவில்லை. அவளிடம் அனுப்பியாயிற்று என்று சொல்லிவிட்டேன். மே இருபதுக்குள் வந்து சேராவிட்டால் உன்னை நவதுறவுப் பயிற்சியில் சேர்ப்பது அடுத்த வருஷம்தான் என்று அதில் போட்டிருந்தது. ஒரு வருஷம் தள்ளிப்போனால் மனசு மாறி வீட்டுக்கே வந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீயோ, ஃபாதர் குணமாகத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன் என்றாய். அந்த மனுஷன் கல் மாதிரி இருக்கிறார், புல்லட்டில் பறந்துகொண்டிருக்கிறார்! போனை வைத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள்தான் அந்தப் பேசின்களை வார்த்தேன்.

போன வியாழக்கிழமை சுத்தியலை எடுத்தேன். ஒன்றிலும் விரிசல் இல்லை, புள்ளி இல்லை. நீ பார்த்திருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டாய். அவ்வளவு நல்ல சரக்கு, என் தப்புக்காக உடைபட்டது. ஐந்தாறு உடைப்பதற்குள் உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் பிள்ளைக்கும் இதைத்தானே செய்யப் பார்த்தேன் பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். வெங்கட் தண்ணீர் கொடுத்துவிட்டு மீதியை அவரே உடைத்தார்.

கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நாளை லீவு போட்டு, ஓசூர் போய் நானே ஸ்பீடு போஸ்டில் சேர்க்கிறேன். அம்மா வந்ததும் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். அவளையாவது சமாளிக்கலாம். பாவசங்கீர்த்தனத்தில் இதை அந்த ஃபாதரிடமே அல்லவா சொல்ல வேண்டும்!

இப்போதும் எனக்கு முழு மனசு இல்லை. இனி உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், அதனால் சொல்கிறேன். வேலை முடிந்து வெளியே வந்தால் இன்னமும் பைக் பக்கத்தில் உனக்காக நிற்கிறேன். ஆனால் நீ சந்தோஷமாக இருக்கிறாய், அது குரலிலேயே தெரிகிறது. அது போதும் எனக்கு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிஸ்டர் ஆகும்போது சில சபைகளில் பெயரை மாற்றிவிடுவார்களாமே. ஜோஸ்வின் என்பது ஆஸ்பத்திரியில் உன்னைக் கையில் வாங்கியதும் நான் வைத்த பெயர். முடிந்தால் அதை வைத்துக்கொள் கண்ணு. முடியாது என்றால், புதுப் பெயரை முதலில் எனக்கு எழுது. கூப்பிட்டுப் பழகிக்கொள்கிறேன்.

ஆண்டவர் எப்போதும் உன் கூடவே இருக்கட்டும்.

உன் அப்பா,
ஐசக்