தங்கத்தில் படக்கூடாது

2025 ஆகஸ்ட் 6, புதன்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முப்பத்தாறு டப்பி நிரப்பினேன். கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சல் வந்திருந்தது. உம்மா பெரிய பேசினில் அந்த வெள்ளைக் கிறீமைக் கொட்டி, பாமசியில் வாங்கிய இரண்டு டியூப்பைப் பிதுக்கி, பிள்ளைகளுக்குப் பூசும் லோஷனும் ஊற்றி அகப்பையால் கலக்குவா. நிரப்புவது நான். கையால்தான். கரண்டியால் எடுத்தால் டப்பியின் வாயில் அப்பிக்கொள்ளும், பார்க்க வடிவில்லை என்பா.

இதற்குக் கலியாணக் கிறீம் என்று பெயர். உம்மா வைத்த பெயர்.

பார்சலில் வரும் தாளில் பொடி எழுத்தில் இங்கிலீசில் ஒரு வரி இருக்கிறது. தங்கம், வெள்ளி நகைகளில் படவிட வேண்டாம் என்று. முதல் தடவை அதை உம்மாவுக்கு வாசித்துச் சொன்னது நான்தான். அவவுக்குச் சந்தோசம். "பாத்தியா? தங்கத்தையே மாத்துற பவர் எண்டா தோல மாத்தாதா?" அன்றிலிருந்து வாங்க வருகிற எல்லாரிடமும் சொல்கிறா: "நகையக் கழட்டி வெச்சிட்டுப் பூசுங்க."

வந்தவர்கள் யோசித்துக்கொண்டு நின்றால் உள்ளே திரும்பிக் கூப்பிடுவா. "நஸ்லியா, இஞ்ச வந்து முகத்தக் காட்டு மகள்."

என் மூத்தவ, ராத்தா, வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பா. ஆறு மாதத்துக்கு முன் அவவும் என் நிறம்தான். இன்று வந்த பொம்பிளை, "அல்லாஹ்வே, இந்த ஊட்டுக்கு லைட்டே தேவல்ல போல" என்று சிரித்து இரண்டு டப்பி கொண்டு போனா.

இதைச் சிங்களக் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் படுத்த பிறகு. சிங்களக் கொப்பியை இந்த வீட்டில் யாரும் திறக்கமாட்டார்கள்.

மூன்று நாளாக விரல் நுனி மரத்திருக்கிறது. பேனா கையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிகிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பா கத்தாரிலிருந்து வீடியோவில் வந்தார். ராத்தாவைப் பார்த்ததும், "மாஷா அல்லாஹ், மகள்ட முகம் நல்லா நிறைஞ்சிருக்கே. கலியாணக் களை" என்றார்.

அக்டோபர் 12 ராத்தாவுக்குக் காவின் எழுதிக் கலியாணம். மாப்பிள்ளை ஷிப்லி மச்சான் எங்கள் வீட்டோடு வந்து இருக்க மேலறைக்குப் பெயின்ட் அடித்தாயிற்று.

காலையில் ராத்தாவால் கண்ணைச் சரியாகத் திறக்க முடிவதில்லை. இமை ஊதியிருக்கும். பத்து மணிக்குப் பிறகுதான் வற்றும். அதை யாரும் வாப்பாவிடம் சொல்லவில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்றும் முப்பது. கை கழுவினேன். பிறகும் கழுவினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாப்பிள்ளையின் உம்மா வந்தா. கூடவே றிபா. மச்சானின் தங்கச்சி, பதினைந்து வயது, எனக்கு ஒரு வகுப்புக் கீழே படிக்கிறாள். மாமி ராத்தாவின் நாடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "ஆறு கிலோ கூடியிருப்பா என்ன! எங்கட ஊட்டுப் பலகாரம் வேல செய்யிது" என்றா. எல்லாரும் சிரித்தோம். ராத்தாவும்.

போகும்போது மாமி உம்மாவிடம் குரலைத் தணித்து, "றாஹிலா, எங்கட றிபாவுக்கும் ரெண்டு டப்பி தா. இவளும் கரியா நிண்டா கலியாணப் போட்டோ வடிவில்லாமப் போகும்" என்றா. றிபா தலையைக் குனிந்துகொண்டாள். டப்பியை எடுத்துக் கொடுத்தது நான்.

அவர்கள் போன பிறகு ராத்தா கட்டிலில் காலை நீட்டினா. கணுக்காலில் சல்வார் பட்டியின் தடம் ஆழமாக விழுந்திருந்தது. விளையாட்டுக்கு விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உம்மாட்டச் சொல்லாத" என்றா ராத்தா.

ஆகஸ்ட் 27, புதன்

மோதிரம் வெளுத்துவிட்டது.

நிச்சயத்தன்று மாமி போட்ட மோதிரம். "இதக் கழட்டாத மகள், கழட்டினா எனக்கு மனசு சரியில்ல" என்று சொல்லித்தான் போட்டா. அதனால் ராத்தா கிறீம் பூசும்போதும் கழட்டுவதில்லை. இன்று பார்த்தால் ஒரு பக்கம் வெள்ளி மாதிரி. சாம்பல் போட்டுத் தேய்த்தோம். போகவில்லை.

உம்மா மோதிரத்தைப் பார்த்துப் பயந்த அளவுக்கு ராத்தாவின் காலைப் பார்த்துப் பயப்படவில்லை. "கள்ள மோதிரம் மாத்தி வெச்சிட்டாங்க எண்டு சொல்லுவாளே அவ! ஸம்றா, சனிக்கிழமை கல்முனைக்கு ரியூசன் போகக்குள்ள தட்டாரக் கடையில காட்டு. ஆருட மோதிரம் எண்டு சொல்லாத."

ஆகஸ்ட் 30, சனி

தினேஸ் அண்ணனின் பட்டறை. அவருக்கு வாய் ஓயாது. மோதிரத்தை வாங்கியதும் ஓய்ந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, ஊட்டுல தேமாமீற்றர் உடைஞ்சதா?"

"இல்ல."

"பள்ளிக்கூட லாபுல களவெடுத்தீங்களா?" சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "இது ரசம் பட்டிருக்கு. பாதரசம். தங்கத்தில பட்டா ஒட்டிக்கும். சூடு காட்டினாப் போயிரும். ஆனா புகை கூடாது. நீங்க றோட்டுக்குப் போய் நில்லுங்க, நான் கூப்பிடுறன்."

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். நான் றோட்டில் நின்றேன். ஒரு மோதிரத்திலிருந்து போகும் புகைக்கு அவர் என்னை வெளியே போகச் சொன்னார்.

பேசினில் முழங்கை வரை கைவிட்டு நிரப்புகிறேன் நான்.

மோதிரம் மஞ்சளாகத் திரும்பி வந்தது. பஸ்ஸில் வரும்போது ஒன்றும் தோன்றவில்லை. அழுகைகூட வரவில்லை. யன்னலுக்கு வெளியே கடைகள் போய்க்கொண்டிருந்தன.

செப்டம்பர் 1, திங்கள்

உம்மாவிடம் சொன்னேன். அடிப்பா என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தேங்காய் துருவிக்கொண்டே சொன்னா: "தட்டானுக்குத் தோலப் பத்தி என்ன தெரியும்? நானும்தானே பூசுறன். எனக்கு என்ன வந்தது? கலியாண ஊட்டுல இந்தக் கதையெல்லாம் கதைக்காத ஸம்றா. மாப்பிள்ள ஊட்டாக்கள்ட காதுல விழுந்தாப் போதும், எழும்பிப் போயிருவாங்க."

பிறகு, "உன்ட ராத்தாட வாழ்க்கை" என்றா. அவ்வளவுதான்.

செப்டம்பர் 4, வியாழன்

ராத்தாவின் முகம் இன்னும் ஊதிவிட்டது. கண்ணூறு என்று முடிவு. ஊரெல்லாம் பார்த்துப் பார்த்துச் சொன்னதுதானே, பட்டுவிட்டதாம். உம்மா ஓதின தண்ணி மூன்று போத்தல் எடுத்து வந்து குடிக்கக் கொடுக்கிறா. குடிக்கிற தண்ணி வெளியே போவதில்லை. ராத்தா என் காதில் சொன்னா: "ஒண்டுக்குப் போனா நுரை நுரையா வருது. சவுக்காரத் தண்ணி மாதிரி."

அதன் பிறகும் பூசினா. இன்னும் ஐந்து கிழமைதானே என்கிறா.

ஏன் நான் டப்பியைத் தூக்கி எறியவில்லை? எறிந்தால் வேறு டப்பி இருக்கிறது. இந்த வீட்டில் டப்பிக்குக் குறைவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

ராத்தாவுக்கு மூச்செடுக்க ஏலாமல் போய், ஆஸ்பத்திரி வார்ட்டில் சேர்த்து நிப்பாட்டிவிட்டார்கள். மாமி வீட்டுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறோம்.

செப்டம்பர் 12, வெள்ளி

டொக்டர் ஒரு பொம்பிளை. சின்ன வயது. கட்டிலருகே நின்று உம்மாவிடம் கேட்டா. சிறுநீரில் புரதம் அளவுக்கு மிஞ்சிப் போகிறதாம். சிறுநீரகம் பிடித்து வைக்க வேண்டியதை விட்டுவிடுகிறதாம். "நாட்டு மருந்து ஏதும் குடிச்சாவா? முகத்துக்கு ஏதாவது பூசுறவவா?"

உம்மா உடனே சொன்னா. "ஒண்டுமில்ல டொக்டர். வெறும் சவுக்காரம்தான்."

டொக்டர் ராத்தாவைப் பார்த்தா. ராத்தா சுவரைப் பார்த்தா. பிறகு டொக்டர் என்னைப் பார்த்தா. நான் என் செருப்பைப் பார்த்தேன்.

நாங்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் தெரியும்.

செப்டம்பர் 13, சனி

சொன்னா உம்மாவப் பிடிப்பாங்களா? பொலிஸ் வருமா? கலியாணம் நிண்டிரும். வாப்பா என்ன செய்வார்? சொல்லாட்டி— சொல்லாட்டி ராத்தா மவுத்தாகிருவா. எனக்குப் பயமா இரிக்கி. பயம் எண்டும் இல்ல, நெஞ்சுக்குள்ள ஒண்டுமே இல்ல. யா அல்லாஹ், எனக்கு ஏன் ஒண்டும் விளங்குதில்ல.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஒரு டப்பியை லஞ்ச் சீற்றில் சுற்றி, சோற்றுப் பார்சல் மாதிரி, பேக்கில் போட்டுக்கொண்டு போனேன். பார்சலில் வந்த தாளையும் எடுத்தேன். உம்மா லுஹர் தொழப் போன நேரம் டொக்டரின் மேசையில் வைத்தேன்.

தாளில் அந்த வரியைக் காட்டினேன். அவ வாசித்தா. "எவ்வளவு நாளாப் பூசுறா?"

"ஆறு... ஏழு மாசம்."

"யார் செய்யிற இத?"

வாய் திறந்தது. "நான்தான் நிரப்புறது" என்று சொன்னேன். பொய் இல்லை.

டொக்டர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தா. கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஊசியால் விரல் நுனிகளைத் தொட்டா. "குத்துதா? இப்ப? இப்ப?" எப்போது தொட்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சின்னப் போத்தலைத் தந்து, "நீயும் யூரின் குடுத்திட்டுப் போ" என்றா.

செப்டம்பர் 17, புதன்

டொக்டர் உம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தா. கிறீமைக் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பியாயிற்று. பதில் வர நாளாகுமாம், ஆனால் பூசுவதை இப்போதே நிப்பாட்டச் சொன்னா. நிப்பாட்டினால் பலருக்கு மெல்ல மெல்ல மாறும் என்றாவாம். பலருக்கு. எல்லாருக்கும் என்று சொல்லவில்லை.

பின்னேரம் சுகாதாரப் பரிசோதகர் இரண்டு பேர் வந்து டப்பிகளையும் பேசினையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே நாலு தலை.

உம்மா என்னோடு கதைப்பதில்லை. சோறு போட்டு வைக்கிறா. பீங்கானை என் பக்கம் தள்ளுகிறா. அவ்வளவுதான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கதைப்பதில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

பரிசோதனைப் பதில் வந்தது. பாதரசம்தான்.

ராத்தா வீட்டுக்கு வந்து ஐந்து நாள். இன்று உம்மா என் முன்னால் வந்து இருந்தா. தன் போனை என் மடியில் வைத்தா. பதினாறு நாளைக்குப் பிறகு முதல் கதை: "வாங்கின ஆக்கள்ட நம்பர் எல்லாம் இதுலதான் இரிக்கி. எனக்கு வாய் வருகுதில்ல. நீ சொல்லு."

ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மாமியின் பெயரில் விரல் நின்றது. உம்மா பார்த்தா. "அது... காவின் முடிஞ்ச பிறகு சொல்லுவமே. ஒம்பது நாள்தானே."

கட்டிலில் கிடந்த ராத்தா எழும்பி இருந்தா. முகத்தில் வீக்கம் பாதி வற்றி, தோல் திட்டுத் திட்டாகக் கறுக்கத் தொடங்கியிருந்தது. "உம்மா, அந்தப் புள்ளைக்குப் பதினஞ்சு வயசு. ஸம்றா, முதல்ல அதுக்கு எடு."

எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ராத்தாவுக்கு வந்தது காய்ச்சல் இல்லை என்பதையும் சொன்னேன். பிறகு மாமி கேட்டா. கத்தவில்லை. "என்ட மகளுக்கு என்னத்தடி தந்தீங்க?"

அதற்குப் பிறகு முப்பத்தொரு பேருக்கு எடுத்தேன். சிலர் ஏசினார்கள். ஒருத்தி, "மிச்சம் இரிக்கிறத முடிச்சிட்டு நிப்பாட்டினாச் சரிதானே?" என்று கேட்டா. உம்மா கடைசிவரை என் பக்கத்திலேயே இருந்தா.

அக்டோபர் 12, ஞாயிறு

காவினுக்குக் குறித்த நாள். பருப்பும் சோறும். மேலறை பூட்டித்தான் இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

பின்தங்கியதை ஒரே அடியாக எழுதுகிறேன்.

மோதிரத்தைப் போன மாதமே மாமியின் ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். வாசலிலேயே வைத்து உரசிப் பார்த்தார்கள். நல்ல மஞ்சளாகத்தான் இருந்தது. ஷிப்லி மச்சான் ராத்தாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாராம். என்ன என்று ராத்தா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

றிபா பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டால் திரும்பிக்கொள்கிறாள். அவள் நடந்து போகும்போது நான் அவளுடைய கணுக்காலைத்தான் பார்க்கிறேன். சொக்ஸ் தளர்வாக இருக்கிறது. வீக்கம் இல்லை. அவளுடைய யூரினில் ஒன்றுமில்லை என்று வேறு ஒரு பிள்ளை சொன்னாள்.

ராத்தாவுக்கு மாதம் இரண்டு தடவை கிளினிக். புரதம் குறைந்து வருகிறது, இன்னும் நிற்கவில்லை. உப்பில்லாத சோறு. முகம் மெலிந்து தாடை எலும்பு தெரிகிறது. நிறம் முன்னைய நிறமும் இல்லை, அதைவிடக் கறுப்பு. கன்னத்தில் சிவப்புச் சிவப்பாய்ப் பரு.

இன்று பின்னேரம் ஒரு பொம்பிளை ஒலுவிலில் இருந்து பஸ் ஏறி வந்தா. மகளுக்கு அடுத்த மாதம் காவினாம். "ஆரோ சொன்னாங்க, நீங்க ஒளிச்சு வெச்சிரிக்கிற எண்டு. ஒரு டப்பி மட்டும் தாங்களன்" என்று உம்மாவின் கையைப் பிடித்தா. இல்லை என்று உம்மா சொன்னா. அவ நம்பவில்லை. கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்துவிட்டா.

நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். கோப்பையின் சூடு விரலில் சுட்டது. கையை எடுத்துவிட்டு விரலைப் பார்த்தேன். சுட்டதுதான்.

அப்போது முன்னறையிலிருந்து உம்மாவின் குரல் கேட்டது.

"நஸ்லியா, இஞ்ச வந்து முகத்தக் காட்டு மகள்."

ராத்தா தலைத் துணியைச் சரிசெய்துகொண்டு போய், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. உம்மா லைட்டைப் போட்டா.

அந்தப் பொம்பிளை தேத்தண்ணி குடிக்காமலே எழும்பிப் போனா.