சகலன் மில்லில் அரைத்த தூள்

நவ. 10, திங்கள்

மழை. ட்ராம் தாமதம். சப்பாத்துக்குள் தண்ணீர்.

காலையில் முதல் வேலை, யாழ்ப்பாணத்து மில்லை வீடியோவில் பார்ப்பது. எங்கள் கம்பனியின் கறித்தூள் அங்கேதான் அரைபடுகிறது. அடுத்த திங்கள் முதல் தடவையாக ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகப்போகிறது. மிளகாய் எங்கிருந்து, யார் அரைத்தது, கூட எது கலந்திருக்கலாம், எல்லாவற்றுக்கும் தரம் பார்க்கும் நான்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.

மில் தவராசாவுடையது. எங்கள் முதலாளி சிவம் அண்ணைக்குச் சகலன், அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவர். அதனால் இவ்வளவு காலமும் அந்த மில்லை யாரும் கேள்வி கேட்டதில்லை. வேறு ஏதும் அரைக்கிறீர்களா என்று போன மாதம் நான் கேட்டதற்கு, தூள் மட்டும்தான் என்றார்.

இன்று எல்லாம் பளிச். தொப்பி, கையுறை, கழுவிய நிலம். கமரா திரும்பும்போது வாசல் வாங்கிலில் ஒரு அம்மா, மடியில் வாளி. வாளிக்குள் என்ன என்று தவராசாவிடம் கேட்டேன்.

"அது வறுத்த எள்ளும் உளுந்தும். மகள் பெரியபிள்ளை ஆகிட்டாவாம், சாமத்திய வீட்டுக்கு எள்ளுப்பாகு செய்யப் போறாவாம்."

எந்த மெசினில் அரைப்பீர்கள்? அதே மெசினில்தான். அப்போது தூள் மட்டும் என்றது?

"நாங்கள் விக்கிறது தூள் மட்டும்தானே, தங்கச்சி. இது அயல்சனத்துக்குச் சும்மா அரைச்சுக் குடுக்கிறது."

ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி அரிசி போட்டு ஓடவிடுவாராம், மெசின் சுத்தமாம். மனிதர் பொய் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல், யாரைக் கோபிப்பது என்றே தெரியவில்லை.

எள் இங்கே பொதியில் கட்டாயம் போடவேண்டிய ஒவ்வாமைப் பொருள். சிலருக்கு மூச்சே அடைக்கும். எங்கள் பொதியில் எள் என்ற பேச்சே இல்லை.

எங்கள் ஸ்டோரில் இருந்த பொதிகளில் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பியாயிற்று. பாண் வாங்க மறந்துவிட்டேன்.

நவ. 11, செவ்வாய்

சி. அண்ணையிடம் சொன்னேன். சிரித்தார். எல்லாரும் அந்தத் தூளில்தானே வளர்ந்தோம், யாருக்கு என்ன நடந்தது என்றார். மாதிரி அனுப்பியதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. பிறகு ஏச்சு. மனைவி வீட்டாரின் முகத்தில் எப்படி முழிப்பது என்று.

இந்தச் சூப்பர்மார்க்கெட்டுக்காக அவர் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் கையெழுத்து என்னுடையது.

தலையிடி. பனடோல் இரண்டு.

நவ. 13, வியாழன்

முடிவு வந்தது. எள் இருக்கிறது. நான் நினைத்ததைவிட அதிகம்.

இனி விற்கக் கூடாது. கடைகளில் இருப்பதைத் திருப்பி எடுக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பைப் பார்க்கும் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும்.

சி. அண்ணையின் யோசனை: சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகும் பொதிகளில் எள் என்று ஸ்டிக்கர், எங்கள் தமிழ்க் கடைகளில் கிடப்பதை அப்படியே விடுவது. எங்கள் சனம் என்றால் பரவாயில்லையா? இதைக் கேட்க நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"அண்ணை, நீங்கள் கவுன்சிலுக்குப் போன் அடிக்காட்டி நான் அடிக்கிறன்."

வேலை போனால் வீட்டு லோனுக்கு என்ன செய்வேன்? அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். திறப்பார் என்று பார்த்தேன். திறக்கவில்லை. நானே அடித்தேன்.

நவ. 14, வெள்ளி

குளிர். ஹீட்டர் மறுபடி வேலை செய்யவில்லை.

கவுன்சில் அலுவலர் வந்து போனார். சூப்பர்மார்க்கெட் ஆர்டரை நிறுத்திவிட்டது. ஈஸ்ட் ஹாம், ஃபாரஸ்ட் கேட், சவுத்தால் கடைகளுக்கெல்லாம் அறிவித்தல், தமிழிலும். அடியில் என் போன் நம்பர். எள்ளுக்கே பயந்தால் சனம் எதைத்தான் தின்பது என்று ஒரு கடைக்காரர் கேட்டார்.

சி. அண்ணை என்னோடு பேசுவதில்லை. பக்கத்து மேசையிலிருந்து ஈமெயில் அனுப்புகிறார். சின்னப்பிள்ளைத்தனம். நானும் ஈமெயிலிலேயே பதில் போட்டேன்.

நவ. 15, சனி

திரும்பி வந்த பெட்டிகளை ஸ்டோரில் அடுக்கினோம். சி. அண்ணையும் வந்தார், தன் பாட்டில் அடுக்கினார். மத்தியானம் போல் ஒரு போன். கை முழுக்கத் தூசி, ஸ்பீக்கரில் போட்டேன்.

ஃபாரஸ்ட் கேட்டில் இருந்து ஒரு தாய். அறிவித்தலைச் சிநேகிதி இப்போதுதான் வாட்ஸ்அப்பில் அனுப்பினாளாம், தன் வீட்டுப் பழைய பொதிக்கும் அது பொருந்துமா என்று கேட்டார். மகனுக்கு எள் ஆகாது, பொதியை வாசித்துப் பார்த்துத்தான் எதையும் வாங்குவாராம். போன கிழமை இறால் கறி சாப்பிட்டு உதடு வீங்கி, மூச்சு இழுத்து, அம்புலன்ஸில் போயிருக்கிறான். இறால்தான் என்று நினைத்து வீட்டில் இறாலையே நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தூள் இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. இண்டைக்குக் கோழிக்கறியும் அதிலைதான் வைச்சனான். பிள்ளைக்குப் போட்டுக் குடுத்திட்டுத்தான் உங்களுக்கு அடிக்கிறன்."

சி. அண்ணை பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"தங்கச்சி, தட்டை எடும். போனை வைச்சிட்டு முதல் தட்டை எடும்."

போனில் கதிரை இழுபட்ட சத்தம். பிள்ளை அழுதான். பிறகு தாய் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, பிசைந்துகொண்டுதான் இருந்தான், வாயில் வைக்கவில்லை என்றார். கையைக் கழுவிவிடச் சொன்னேன். பிள்ளையின் ஒவ்வாமை ஊசி மருந்தைப் பக்கத்தில் வைத்திருக்கவும், எதுவும் மாறினால் உடனே அம்புலன்ஸுக்கு அடிக்கவும் சொன்னேன்.

சி. அண்ணை நிலத்திலேயே இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மற்றப் பொதியெல்லாம் ஆர் ஆர் வீட்டிலை கிடக்குது, பிள்ளை?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.