காயத்துக்குள் கோதுமை

ஜூன் 9, திங்கள்

சாக்கடை அடைத்து, மழைத் தண்ணீரோடு கொச்சியில் எங்கள் கொச்சங்காடி முழுக்க நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஆபீஸுக்குள் வந்தால் ஹரிஷங்கர் எழுதிய கம்ப்யூட்டர் கோடு. சாக்கடையே தேவலை.

எங்கள் மசாலா பாக்கெட்டுகளில் ஒவ்வாமை எச்சரிக்கையைப் போடுவது அவனுடைய ரெகுலர் எக்ஸ்பிரஷன் — பொருள் பட்டியலில் எழுத்துகளைத் தேடிப் பிடிக்கிற ஒரு பாட்டர்ன். அடைப்புக்குறி திறந்ததும் பிடிக்கும். எது முதலில் மூடுகிறதோ அங்கேயே விட்டுவிடும். சாம்பார்ப் பொடியில் இருப்பது: காயம் (பிசின், மாவு (கோதுமை)). அதைக் கமாவில் பிரித்து வெட்டியெடுத்த துண்டு ‘மாவு (கோதுமை’. ஒவ்வாமைப் பட்டியலில் வெறும் ‘கோதுமை’தானே இருக்கிறது? பொருந்தவில்லை. எச்சரிக்கை இல்லாமலே லேபிள் வந்திருக்கிறது.

கோதுமை ஒரு துளி போனாலும் என் பெண் அம்முவுக்குத் தொண்டை வீங்கி மூச்சு முட்டும்.

ஜூன் 10

‘சரியாக்கி’விட்டானாம். பாட்டர்னுக்குள் இன்னொரு பாட்டர்னைச் செருகியிருக்கிறான். சாம்பார்ப் பொடி தப்பித்தது. ரசப்பொடியில் தாளிப்புக்குள் காயம், காயத்துக்குள் மாவு, மாவுக்குள் கோதுமை — மறுபடி கோட்டை விட்டது.

“இன்னொண்ணு சேர்த்தாப் போச்சு அக்கா.”

சீ! எத்தனை சேர்ப்பான்? அடைப்புக்குறி திறந்தால் ஒன்று கூட்டு, மூடினால் ஒன்று கழி, பூஜ்யம் வந்தால்தான் முடிவு. அவ்வளவுதான். நானே எழுதி ஓட்டிக் காட்டினேன். “நன்னாருக்கு” என்றான். எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் 12

முதலாளி சிவராமகிருஷ்ணன் மாமாவிடமே போனேன்.

“காயத்துல எங்கேம்மா மாவு வரது? காயம்னா காயம்தான். நம்மாத்துல காயம் போடாத நாளுண்டோ? யாருக்கு என்ன வந்தது?”

அம்முவைச் சொன்னேன்.

“உங்காத்துக் கொழந்தைக்காக ஊரெல்லாம் லேபிள் மாத்தணுமாக்கும்!” சிரித்தார். ஹரியும் சிரித்தான்.

மாமாக்குத் தெரியாது, சரி. இவனுக்குத் தெரியுமே! தெரிஞ்சுண்டே பல்லைக் காட்டறான். தூ!

ரசப்பொடி நாளைக்கு வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போய்விடும். கப்பல் ஏறினால் யார் வாயில் போகுமோ.

ஜூன் 13

துபாயில் வாங்குகிறவருக்குக் கோதுமை விஷயத்தைச் சொல்லி நானே மெயில் அனுப்பினேன். மாமாவிடமும் சொல்லிவிட்டேன். சாயங்காலம் வேலை போயிற்று.

ஜூன் 15

துபாயிலிருந்து பதில் இல்லை. மணிக்கு ஒருதரம் மெயிலைத் திறந்து பார்க்கிறேன்.

ஜூன் 20

துபாய்க்காரர் சரக்கை நிறுத்திவிட்டாராம். ஹரி போன் செய்தான்.

“அக்கா, அந்தக் கூட்டிக் கழிக்கற கோடு உங்க கையில இருக்கோ? எல்லா லேபிளையும் மறுபடி ஓட்டணும்னு மாமா சொல்றார்.”

வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை. என் வேலையைப் பற்றியும் பேச்சில்லை. வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

மத்தியானம் வரை அனுப்பாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அனுப்பினேன். அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கப் போகிறவர்கள் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லையே.