ஒரே அடுப்பு, தனித்தனி கார்டு

அன்பு மகள் சித்ராவுக்கு, நிக்கோபார் கேம்பல் பேயிலிருந்து அம்மா எழுதுறது. அப்பாவும் நானும் நல்லாயிருக்கோம், வீட்டுக் கூரைதான் நல்லாயில்லை, போன வாரப் புயலில் பாதித் தகடு பறந்துபோச்சு. நீ வேலை பார்க்கிற அந்த அகதி முகாமில் வேளைக்குச் சாப்பிடுறியா? போனில் பேசினா சண்டையாகுது, அதனாலதான் எழுதுறேன்.

உங்க முகாமில் சனங்க ராஷனை ஒண்ணாக் கொட்டிச் சமைக்கிறாங்க, அது ஏமாத்து வேலை, அவங்க கார்டை நிறுத்தப்போறோம்னு பெருமையாச் சொன்னியே, அதுலேருந்து எனக்கு ஆத்திரமே அடங்கலை. இங்கே நடந்ததைக் கேளு. புயலுக்கு நாங்க ஸ்கூலில்தான் தங்கினோம். நமக்குத் தேங்காய் கொண்டுவருவாளே நிக்கோபாரி எஸ்தர், அவ குடும்பமும் அங்கேதான். அக்கா, தங்கச்சி, தம்பி, மச்சான், பிள்ளைங்கன்னு அத்தனை பேருக்கும் ஒரே அடுப்பு, எங்களுக்கும் அதிலேயே கஞ்சி ஊத்தினா. அப்புறம் கப்பலில் ஒரு நிவாரணக் குழு வந்துச்சு. வெளிநாட்டுப் பணமாம், வந்தது டில்லிப் பிள்ளைங்க. உன்னை மாதிரியே கழுத்தில் பேட்ஜ், உன்னை மாதிரியே அவசரம். புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு ராஷன் கார்டுன்னு பிரிச்சாங்க. ஹம் சப் ஏக் ஹீ கர் கே ஹைன், எல்லாரும் ஒரே வீடுன்னு எஸ்தர் தலையில அடிச்சுக்கிட்டா. கார்டு எழுதின பொண்ணு சிரிச்சுக்கிட்டே, ஆண்டி, இதுதான் ரூல், உங்க நல்லதுக்குத்தான்னுச்சு. எஸ்தர் தம்பி தாமஸ் பெண்டாட்டியை இழந்தவன், அவனுக்குக் கார்டே இல்லை. புயலில் பிள்ளைங்களைத் தோளில் சுமந்து வந்தவனே அவன்தான்! மச்சான்காரன் தன் கார்டுக்குக் கிடைச்ச அரிசி மூட்டையைத் தனியா எடுத்துவெச்சு, உனக்கு எதுலேருந்து போடறதுன்னு கேட்டுட்டான். ஒரு நாளும் அந்த வீட்டில் வராத பேச்சு. தாமஸ் மழையோட கிளம்பிப் போய், ஓடையில் வழுக்கிக் காலை உடைச்சுக்கிட்டான். ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துட்டு வந்த எஸ்தர் எல்லார் மூட்டையையும் இழுத்து ஒரே குவியலாக் கொட்டி, உலை வெச்சா. மச்சான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே விறகு கொண்டுவந்து போட்டான். அதையும் அந்தக் குழு படம் பிடிச்சு, பகிர்ந்துண்ணக் கத்துக்கொடுத்தோம்னு போட்டிருக்காங்களாம்! அப்பா போனில் காட்டினார்.

பசியாத்துறதை நான் குறை சொல்லலை. ஆனா யாருக்கு யார் சொந்தம்னு முடிவு பண்ண உங்களை யாருடி கூப்பிட்டது? கார்டை நிறுத்துறதுக்கு முன்னாடி அந்தப் பொம்பளைங்களோட உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடு. ஏன் ஒண்ணாச் சமைக்கிறீங்கன்னு கேளு. கேட்டுட்டு அவங்க சொன்னதை எனக்கு எழுது, நீ நினைச்சதை எழுதாதே.

தைராய்டு மாத்திரையை மறக்காதே. முருகன் உன்னை நல்லா வெச்சிருக்கட்டும்.

கோபம் தீராத உன் அம்மா,
புஷ்பா