கடலில் குடியிருப்பவளுக்கு ஒரு மெடிக்கல் கார்டு

சிம்பாங் பூலாய்
12 அக்டோபர் 2024

அன்பு மகள் துளசிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும், உங்களோடு அந்தப் படகும் நலமாக இருக்க வேண்டும்.

நேற்று ஈப்போவில் என் மானம் போய்விட்டது. நீ கேட்டபடி ஆஸ்பத்திரிச் செலவுக்கான இன்சூரன்ஸ், அந்த மெடிக்கல் கார்டை விசாரிக்கப் போனேன். ஒரு காலத்தில் நான் ஓட்டும் பள்ளி வேனில் போய்வந்த சுகுமாரன் இப்போது ஏஜெண்டு, கழுத்தில் டை எல்லாம் கட்டுகிறான். கோப்பிக் கடையில் வைத்து உன் முகவரியைக் கேட்டான். “இப்போதைக்கு தாய்லாந்துப் பக்கம், கடல்ல” என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

“மீன் பிடிக்கிறாங்களா அண்ணே?”

“இல்ல தம்பி.”

“கப்பல்ல வேலையா?”

“இல்ல லா. சொந்தப் போட். அதுலயே சமைக்கிறாங்க, தூங்குறாங்க. அவ கம்ப்யூட்டர்ல கணக்கு வேலை பார்க்குறா. மாப்பிள்ளை மத்தவங்க போட் எஞ்சின ரிப்பேர் பண்றாரு.”

“அப்ப வீடு?”

“அதான் வீடு.”

“அது எங்க இருக்கு?”

“காத்து எங்க தள்ளுதோ அங்க.”

பக்கத்து மேசைச் சீனக் கிழவர் சிரித்துவிட்டார். தமிழ் புரிந்து சிரித்தாரா, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாரா தெரியவில்லை. லங்காவியில் உங்கள் படகுக்குப் பூசை போட வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? புது வண்டிக்குக் கொண்டுபோவது மாதிரி நான்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்துவிட்டு, அதை எந்த டயருக்கு அடியில் வைப்பது என்று படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேனே. அதே முகத்தோடுதான் நேற்றும் உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு இழுப்பு இருப்பதை மறைக்காமல் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பூக்கெட்டில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்ததை எல்லாம் முடிந்த பிறகுதானே எங்களுக்குச் சொன்னாய். அம்மா அதற்கு இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். போன் வந்தால் என்னிடம் நீட்டிவிடுகிறாள்.

வழக்கம்போல் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்புகிறேன். லைன் கிடைக்கும்போது வாசி.

அன்புடன்,
டயர் தேடிய அப்பா


பூக்கெட்
20 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளை தர்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சீனக் கிழவர் சிரித்த இடத்தில் அவரும் சிரித்து, தேநீரை எஞ்சின் மேல் கொட்டிவிட்டார்.

டயர் கிடைக்காமல் அந்தப் பழங்களை முன்பக்கக் கம்பியில் கட்டிவிட்டுப் போனீர்களே, ஒன்று இன்னும் தொங்குகிறது. காய்ந்து கறுத்துப் புளியங்கொட்டை மாதிரி ஆகிவிட்டது. அவிழ்க்க மனம் வரவில்லை.

நாங்களும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம் அப்பா. எல்லாரும் முதலில் கேட்பது, எந்த நாட்டில் குடியிருக்கிறீர்கள் என்று. பயண இன்சூரன்ஸ்காரர்கள், வீடு திரும்பும் தேதி என்ன என்று கேட்கிறார்கள். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் லைன் போய்விடும். அவர்களே வைத்துவிடுகிறார்களோ என்னவோ.

ஜனவரியில் காற்று நிலைத்ததும் இலங்கை, மாலத்தீவு, பிறகு அப்படியே ஆப்பிரிக்கா பக்கம் போக ஆசை. ஆனால் எனக்கு இழுப்பு வந்த பிறகு தர்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், கார்டு இல்லாமல் கடல் தாண்டுவதில்லை என்று. கிடைக்காவிட்டால் நம் ஊர்ப் பக்கம் லுமுட் துறைமுகத்துக்குத் திரும்பிப் படகை விற்றுவிடலாம் என்கிறார். அந்தப் பேச்சு வந்தால் நான் எழுந்து மேல்தட்டுக்குப் போய்விடுகிறேன்.

அம்மாவை என்னோடு பேசச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
துளசி


சிம்பாங் பூலாய்
9 நவம்பர் 2024

அன்பு மகள் துளசிக்கு,

கிடைத்துவிட்டது.

சுகுமாரன் ஒரு கம்பெனியைப் பிடித்துவிட்டான். முகவரிக்கு நம் வீட்டைக் காட்டினால் போதுமாம். இழுப்புக்கும் கொஞ்ச காலம் கழித்துச் செலவைக் கொடுப்பார்களாம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கும் உண்டு. ஒரே ஒரு விதி இருக்கிறது. சேர்ந்தாற்போல் மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் கார்டு வேலை செய்யாது. இந்த விதியை எழுதிய மனிதருக்கும் தூரத்தில் ஒரு மகள் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உடனே கணக்குப் போட்டோம். பொங்கலுக்கு ஒரு தடவை, சித்திரைக்கு ஒன்று, ஆடியில் ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. அம்மா தூக்கி வைத்திருந்த முகம் கீழே இறங்கிவிட்டது. “அவளுக்கு நாட்டுக்கோழி, மாப்பிள்ளைக்கு நெத்திலி சம்பல்” என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள். உன் அறை மெத்தையில் கம்பி முதுகைக் குத்துகிறது என்று பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன். கடைக்காரன் படுத்துப் பார்க்கச் சொன்னான். படுத்தவன் அங்கேயே தூங்கிவிட்டேன். அம்மா வந்து எழுப்பினாள்.

மத்தியானம் பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிடும்போது எல்லா கேட்டிலும் யாராவது நின்று வாங்கிக்கொள்கிறார்கள். பொங்கலுக்கு என் முறை.

இந்தத் தேதிகளுக்குக் காற்று தோதாக வருமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
மெத்தைக் கடையில் குறட்டை விட்ட அப்பா


பூக்கெட்
21 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். மெத்தை வாங்கிவிட்டீர்களே என்று.

மாலத்தீவைத் தாண்டிவிட்டால் நடுவில் சின்னச் சின்னத் தீவுகள்தான். படகை நம்பி விட்டுவர இடம் இருக்காது, விமானமும் இருக்காது. காற்று திரும்புவதற்குள் அடுத்த கரைக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்று மாதத்துக்குள் வீட்டுக்கு வர முடியாது அப்பா. ஆஸ்பத்திரிக்கு எங்கே தூரம் அதிகமோ, அங்கே போனதும் அந்தக் கார்டு செத்துவிடும்.

கோபப்படாதீர்கள். நீங்கள் அலைந்தது போதும். இந்த மாதக் கடைசி வரை பார்ப்போம். வேறு எதுவும் அமையாவிட்டால் திரும்பிவிடுவோம். மெத்தையும் வீணாகாது.

நேற்று கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் எஞ்சினை அணைத்துவிட்டுக் காற்றுக்குப் பாயை விரித்தோம். சத்தமே இல்லை. அந்த நேரத்தில் என் மூச்சு எவ்வளவு லேசாக இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்.

உங்கள் மகள்,
துளசி


சிம்பாங் பூலாய்
30 நவம்பர் 2024

அன்பு மகள் துளசிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தாள். பிறகு, “ஒண்ணும் கிடைக்கலன்னு எழுதிடுங்க. நீங்க தேடாம இருந்தா கிடைக்காதுதானே, அது பொய்யா?” என்றாள்.

அந்த யோசனை உன் கடிதத்தின் பாதியிலேயே எனக்கும் வந்துவிட்டது. அவள் வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான் வித்தியாசம். உன் கடிதத்தின் கடைசி வரிகளை மறுபடி வாசித்தேன். சுங்காய் எஸ்டேட்டு வீட்டில் நீ சின்னப் பிள்ளையாக என் மேல் சாய்ந்து மூச்சுக்குத் தவிப்பாய். உன் நெஞ்சு இழுக்கிற சத்தம் எனக்கு மனப்பாடம். மூச்சு லேசாக இருக்கிறது என்று நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஈப்போவுக்குக் கிளம்பினேன்.

சுகுமாரன் கோலாலம்பூரில் யார் யாரையோ பிடித்தான். எந்த நாட்டிலும் நிலையாகத் தங்காதவர்களுக்கென்றே ஒரு கார்டு இருக்கிறதாம். இழுப்பைத் தெரிந்துகொண்டே எடுத்துக்கொள்கிறார்கள். கட்டணம்தான் கொஞ்சம் கூட. ஊர் திரும்ப வேண்டும் என்ற விதியே இல்லை. நீ எந்தத் தீவில் இருந்தாலும் செல்லும்.

“இது இருந்தா அவங்க வீட்டுக்கு வரவே தேவையில்ல அண்ணே” என்றான். நல்ல பையன், சந்தோஷமாகத்தான் சொன்னான்.

“நல்லதுதானே லா” என்றேன்.

விண்ணப்பம் உன் ஈமெயிலுக்கு வரும். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. தாமதிக்காதே, காற்று உனக்காகக் காத்திருக்காது. மெத்தையைப் பற்றிக் கவலை வேண்டாம், நான் படுத்துக்கொள்கிறேன். முதுகு வலி குறைந்திருக்கிறது. அம்மா உன்னோடு பேச வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. கிளம்புகிற அன்றைக்கு எலுமிச்சம்பழம் கிடைத்தால் புதிதாக ஒன்று கட்டு. பழையதையும் அவிழ்க்காதே.

ஒன்று விட்டுவிட்டேன். கடைசியாக ஒரு கேள்வி கேட்டான். உனக்கு ரொம்ப முடியாமல் போனால் விமானம் வைத்துத் தூக்கிப் போவார்களாம். பக்கத்தில் இருக்கிற நல்ல ஆஸ்பத்திரிக்கா, சொந்த நாட்டுக்கா, இப்போதே சொல்லிவிட வேண்டுமாம்.

“எங்க கொண்டு போகணும் அண்ணே?”

“பக்கத்துல எது இருக்கோ அங்க. மூச்சு விஷயம் தம்பி, நேரம் கடத்தக் கூடாது” என்றேன். அவன் எழுதிக்கொண்டான். நான் கோப்பியை எடுத்துக் குடித்தேன். என்கிட்ட கொண்டு வந்துடுங்க என்று மட்டும் சொல்லவில்லை.

அப்பா