நெஞ்செலும்பு வெந்த கதை

என்னங்க,

நலம்தானே? முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு கூத்து. எங்கள் தையல் கூடத்து சூப்பர்வைசர் அக்காவுக்கு வழியனுப்பு விருந்து. ஆட்டு நெஞ்செலும்பைத் தணலில் சுட்டுத் தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். "உன் கை பட்டா கறி வேகாதுடி" என்பீர்களே, அந்தப் பயத்தில் முதலில் பாதிக் கறியைக் குக்கரில் போட்டு விசில் விட்டேன். குழைந்த கறியெல்லாம் தணலுக்குள் விழுந்து, கம்பிமேல் வெறும் எலும்புதான் மிஞ்சியது.

விடுவேனா? மீதியைப் பச்சையாகவே மசாலா தடவி அடுக்கினேன். தணலை ஓரந்தள்ளி, மூடி போட்டு, துணி வெட்டும் அட்டையால் விசிறிக்கொண்டு மதியம் முழுக்கக் காவல் இருந்தேன். அக்கா எலும்பை உறிஞ்சிவிட்டு, "யார்கிட்ட கத்துக்கிட்ட?" என்றார்.

"எல்லாம் எங்க வீட்டுக்காரர் வாய்க்குப் பயந்துதான்" என்றேன். கூடமே சிரித்தது. தட்டில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை, தெரியுமா!

நீங்கள் அரைக்கும் மிளகுப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். கொட்டாமல் இருக்க நீங்கள் தோளில் போடும் பழைய துண்டில் சுற்றிவிடுங்கள். வேலை மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

இப்படிக்கு,
கறி வேகவைக்கத் தெரிந்த உங்கள் மனைவி

துண்டைத் துவைத்துவிடாதீர்கள்.