கிழமை முழுக்க மழையாம்

ஞாயிறு, இரவு.

அடுத்த கிழமை முழுக்க மழையாம். சாயங்காலம் கிராம சேவகர் தோட்டத்து லய வீடுகளுக்கே வந்து சொன்னார். லயத்துக்கு மேலே இருக்கிற மலை சரியலாம், இரவில் எல்லோரும் பள்ளிக்கூடத்தில்தான் படுக்க வேண்டும் என்றார்.

பக்கத்தில் நின்ற கங்காணியிடம், "அப்ப நாளைக்கி வேலை இல்லைங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"ஏன் இல்ல? காலையில பேர் குடுக்க பெரட்டுக்கு வந்துருங்க. ஆறாம் நம்பர்லதான் கொழுந்து."

ஆறாம் நம்பர் தேயிலை, சரியலாம் என்று சொன்ன அதே மலையில்தான். கிராம சேவகர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நான் கங்காணியிடம் சரியென்று தலையாட்டினேன். பயம் வருமென்று பார்த்தேன், வரவில்லை. உள்ளே போய்ப் பையைக் கட்டினேன்.

இப்போது வகுப்பறையில் பாய் விரித்திருக்கிறோம். தகரத்தில் மழை கொட்டுகிறது. கொஞ்சம் முன்னால் மகள், "அம்மா, குளுருது. என் சுவெட்டர எடுங்க" என்றாள். பையைக் குடைந்தேன். சுவெட்டரை எடுத்து வைக்கவே இல்லை. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குதான் மேலேயே இருந்தது, ஒழுங்காக மடித்து. எப்போது வைத்தேன் என்று ஞாபகமில்லை.

அதையே அவளுக்குப் போர்த்திவிட்டேன். தூங்கிவிட்டாள். காலையில் அவள் எழும்புமுன் உருவிக்கொண்டு போக வேண்டும்.